ஹோனர் ஸ்பெஷல் 20 மவுத் ஆர்கன்: வளையும் சுரம் செய்தவர் வைத்ததா, தானாக வந்ததா?

பத்துத் துளை மவுத் ஆர்கனை முதன்முதலாக வாங்கியவர்கள் சொல்லும் குறைகளில் ஒன்று தவறாமல் இடம்பெறும்: இரண்டாவது துளையில் மூச்சை உள்ளே இழுத்தால் சத்தம் சரியாக வரவில்லை, பழுதான பொருளைத் தந்துவிட்டார்கள் என்பதே அது. மூன்றாவது துளையையும் சிலர் சேர்த்துக்கொள்வார்கள். பெரும்பாலும் பொருளில் பழுது எதுவும் இருப்பதில்லை. புதிதாக வாசிப்பவர் உதட்டை இறுக்கி, நாக்கைப் பின்னுக்கு இழுத்து, தேவைக்கு அதிகமான வேகத்தில் மூச்சை உறிஞ்சும்போது அந்தத் துளையின் சுரம் தன் இடத்திலிருந்து கீழே இறங்கிவிடுகிறது, உள்ளே அதிரும் மெல்லிய உலோக நாக்கான ரீடு திணறுகிறது, காதுக்கு அது அபசுரமாகப் படுகிறது. பெண்டிங் என்ற பெயரில், அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசையான ப்ளூஸ் வாசிக்கும் கலைஞர்கள் மாதக்கணக்கில் பழகிச் செய்யும் வித்தையும் இதே செயல்தான் என்பதை அறியும்போது, இந்த வாத்தியத்தைப் பற்றிய ஒரு பழைய கேள்வி தானாகவே எழுகிறது. சுரம் வளைவது, இதைச் செய்தவர்கள் திட்டமிட்டு வைத்த வசதியா, அல்லது எதிர்பாராமல் வந்து சேர்ந்த ஒன்றா? வாங்கலாமா வேண்டாமா என்று முடிவுசெய்யவே இந்தக் கேள்விக்கு விடை தேவைப்படுவதால், மதிப்பீட்டையும் விடையையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் சந்தை நிலவரம். நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் இசைக்கருவிக் கடைகளுக்குக் குறைவில்லை. தேவாலயப் பாடகர் குழுக்கள் இருக்கும்வரை கீபோர்டும் கிட்டாரும் இங்கே விற்றுக்கொண்டேதான் இருக்கும். ஆனால் மவுத் ஆர்கன் என்று கேட்டால் நீளமான இருபத்து நான்கு துளை டிரெமோலோவைத்தான் எடுத்து வைக்கிறார்கள். கிறிஸ்துமஸ் கேரல் பவனியில் வாசிப்பதும், சிறுவர்களுக்குப் பரிசாகப் போவதும் அதுதான். ஒரு சுருதிக்குரிய ஏழு சுரங்களை மட்டும் கொண்ட, டயட்டோனிக் எனப்படும் பத்துத் துளை வகையை நான் இணையத்தில் தருவித்துத்தான் வாங்க வேண்டியிருந்தது. ஒருவிதத்தில் அது நட்டமில்லை. சுகாதாரம் கருதிக் கடைகளில் வாய்வைத்துப் பார்க்க விடுவதில்லை என்பதால், நேரில் போனாலும் வாசித்துப் பார்த்து வாங்கும் வாய்ப்பு இல்லை.

ஸ்பெஷல் 20, ஜெர்மனியின் டிராஸிங்கன் நகரில் 1857இல் தொடங்கப்பட்ட ஹோனர் நிறுவனத்தின் தயாரிப்பு. இதே நிறுவனம் 1896இல் கொண்டுவந்த மெரைன் பேண்ட் மாதிரியில், ரீடு தகடுகளுக்கு நடுவே உள்ள சீப்பு பேரிமரத்தால் ஆனது; தகடுகள் ஆணியால் அடிக்கப்பட்டிருக்கும். ஸ்பெஷல் 20இல் சீப்பு பிளாஸ்டிக்; பித்தளைத் தகடுகள் அதன் விளிம்புக்குள் பதிந்து உட்கார்ந்திருப்பதால் உதட்டில் உலோக முனை உரசாது, காற்றும் ஓரங்களில் கசியாது. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் மாறி மாறிப் பெய்யும் குமரி மாவட்டத்தில் மரச் சீப்பு ஈரம் குடித்து உப்புவது வெறும் ஊகமல்ல. நம் வீட்டுக் கதவுகள் ஆடியில் படும் பாடு எல்லோரும் அறிந்ததே. அதனால் மரத்தின் நாதம் தனி என்று வாதிடுவோரின் பேச்சைக் கேட்டு மயங்காமல், இங்கே வசிப்பவர்கள் பிளாஸ்டிக் சீப்பையே தேர்ந்தெடுக்கலாம். நாதத்தில் வித்தியாசம் இருக்கிறது என்பவர்களோடு நான் சண்டைக்குப் போவதில்லை. என் காதுக்கு அது பெரிதாகத் தெரியவில்லை.

இனி உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கலாம். பத்துத் துளைகள், துளைக்கு இரண்டாக இருபது ரீடுகள். ஊதினால் ஒரு ரீடு, இழுத்தால் மற்றொன்று. சி கீ வாத்தியத்தில், அதாவது சி என்ற சுருதிக்கென அமைந்ததில், சி-யை ஷட்ஜமாகக் கொண்டால், ஊதும்போது இடமிருந்து வலமாகச் ச, க, ப என்ற மூன்று சுரங்களே திரும்பத் திரும்ப வருகின்றன. எங்கே வாயை வைத்து ஊதினாலும் கார்டு எனப்படும் இனிமையான சுரக்கூட்டு ஒலிக்கும். இழுக்கும்போது ரி, ப, நி, ரி, ம, த, நி, ரி, ம, த என்று வரிசை செல்கிறது. இதில் ஒரு விசித்திரம் உண்டு. கீழ்ஸ்தாயியில் மத்யமமும் இல்லை, தைவதமும் இல்லை. மேல்ஸ்தாயியில் நிஷாதம் இல்லை. ரிக்டர் முறை என்று அழைக்கப்படும் இந்த அமைப்பு 19ஆம் நூற்றாண்டில் உருவானது. அதன் நோக்கத்தை இந்த வரிசையே சொல்லிவிடுகிறது. முதல் நான்கு துளைகளைச் சேர்த்து இழுத்தால் ப, நி, ரி என்று பஞ்சமத்தை அடியாகக் கொண்ட கார்டு கிடைக்கிறது. ஊதினால் ஷட்ஜமத்தின் கார்டு, இழுத்தால் பஞ்சமத்தின் கார்டு. மத்திய ஐரோப்பாவின் நாட்டுப்புற நடனப் பாட்டுகளுக்கு இந்த இரண்டும் இருந்தால் முக்கால் வேலை முடிந்தது. மெட்டை நடு ஸ்தாயியில் வாசித்துக்கொண்டே, கீழ்த் துளைகளை மூடியிருக்கும் நாக்கைத் தூக்கித் தூக்கித் தாளத்துக்குக் கார்டு கொடுக்கலாம். அந்தக் கார்டுக்காகத்தான் கீழே இரண்டு சுரங்களைத் தியாகம் செய்தார்கள். பெண்டிங் அவர்கள் கணக்கில் இருந்ததற்கான தடயம் இந்த அமைப்பில் இல்லை.

‘ஆனால்’ என்று சொல்ல ஒரு வலுவான காரணம் உண்டு. வாத்தியத்தில் விடுபட்ட மூன்று சுரங்களும் வளைத்தால் கிடைக்கின்றன. இரண்டாம் துளையின் இழுப்புச் சுரமான பஞ்சமத்தை வளைத்தால் முதலில் பிரதி மத்யமமும் அடுத்துச் சுத்த மத்யமமும் வருகின்றன. மூன்றாம் துளையின் நிஷாதத்தை வளைத்தால் கைசிகி நிஷாதம், சதுச்ருதி தைவதம், சுத்த தைவதம் என்று மூன்று படிகள் இறங்கலாம். பத்தாம் துளையில் ஊதும் ஷட்ஜமத்தை வளைத்தால் காகலி நிஷாதமும் அதற்குக் கீழே கைசிகியும் கிடைக்கும். காணாமல் போன சுரங்கள் அத்தனையும் ஒளித்துவைத்தாற்போல் உள்ளேயே இருக்கும்போது, இதை யாரோ யோசித்துத்தான் செய்திருக்க வேண்டும் என்று தோன்றுவது இயல்பே. எங்கள் ஊர்ப் பாடகர் குழுவில் கீபோர்டு வாசிக்கும் தம்பி இதைக் கேட்டதும் சொன்னது அதையேதான்: “அண்ணே, இவ்வளவு பொருத்தமா தற்செயலா அமையுமா?”

அமையும். அதுமட்டுமல்ல, வேறுவிதமாக அமைய வழியே இல்லை என்பதுதான் சுவையானது. ஒரு துளையில் இருக்கும் இரண்டு ரீடுகளில் எது உயர்ந்த சுரமோ அதுதான் வளையும். அது மற்ற ரீடின் சுரத்துக்கு ஏறக்குறைய அரைச் சுரம் மேலே வரையில் இறங்கும். அதாவது வளைவின் எல்லையை நிர்ணயிப்பது அந்த இரண்டு சுரங்களுக்கு நடுவே உள்ள இடைவெளி. இரண்டாம் துளையில் ஊதினால் காந்தாரம், இழுத்தால் பஞ்சமம்; நடுவே மத்யமத்தைத் தாண்டிவிட்டார்கள் என்பதால்தான் அந்த இடைவெளி அகலமாயிற்று, தாண்டப்பட்ட மத்யமமும் அந்த இடைவெளிக்குள்ளேயே விழுந்தது. மூன்றாம் துளையில் பஞ்சமத்துக்கும் நிஷாதத்துக்கும் நடுவே விடுபட்ட தைவதம். பத்தாம் துளையில் தைவதத்துக்கும் ஷட்ஜமத்துக்கும் நடுவே விடுபட்ட நிஷாதம். ஒரு சுரத்தை நீக்கினால் அந்த இடம் காலியாகும். காலியான இடத்தில்தான் வளைவு இறங்க முடியும். நீக்கியவர் கார்டுக்காக நீக்கினார். வளைவு அவரைக் கேட்காமலேயே அங்கே வந்து உட்கார்ந்துகொண்டது.

திட்டமிட்டதல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வளைவுகளின் ஒழுங்கின்மை. ஒன்றாம் துளையிலும் நான்காம் துளையிலும் அரைச் சுரம், இரண்டில் முழுச் சுரம், மூன்றில் ஒன்றரை, ஆறில் முழுச் சுர இடைவெளி இருப்பதால் நடுவே ஒரே ஒரு சுரம். ஐந்தாம் துளையில் காந்தாரமும் மத்யமமும் அருகருகே இருப்பதால் நடுவே சுரமே இல்லை. சற்றே மழுங்குவதோடு சரி. ஏழிலும் அதே கதை. ஒன்று முதல் ஆறு வரை இழுத்தால் வளையும், ஊதினால் வளையாது. ஏழுக்கு மேல் அது தலைகீழாகிறது. ஊதும் வரிசையில் ஸ்தாயிக்கு மூன்று சுரங்கள், இழுக்கும் வரிசையில் நான்கு. நான்கு சுரங்கள் மூன்று துளைகளில் அடங்காததால் இழுப்பு வரிசை ஒவ்வொரு ஸ்தாயியிலும் ஒரு துளை வலப்புறம் நழுவி, ஏழாம் துளையில் ஊதுசுரத்துக்குக் கீழே போய்விடுகிறது. இப்படி ஓர் ஏற்பாட்டை வேண்டுமென்றே எவரும் செய்யமாட்டார். வேண்டுமென்று செய்தால் எப்படியிருக்கும் என்பதையும் ஹோனரே பின்னாளில் காட்டியது. ரிக் எப்பிங் என்பவர் வடிவமைத்த எக்ஸ்பி-40 என்ற மாதிரியில் பத்துத் துளைக்கு நாற்பது ரீடுகள். ஊதினாலும் இழுத்தாலும் எல்லாச் சுரங்களும் வளைந்தன. மெரைன் பேண்ட் வந்து நூறாண்டு கடந்தபின் வந்த அந்த வாத்தியம் இப்போது தயாரிப்பில் இல்லை; கோணல்மாணலாக வளையும் பழைய அமைப்புதான் இன்றும் விற்கிறது.

ரீடுகள் இரண்டும் சேர்ந்துதான் சுரத்தை வளைக்கின்றன என்பதை நம்பாதவர்கள் வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். ஸ்பெஷல் 20இன் மேல்மூடியைச் சிறிய திருப்புளியால் கழற்றினால் ஊது ரீடுகளின் தகடு தெரியும். ரீடுகள் உட்புறம் இருப்பதால் வெளியே அவை அதிரும் நீண்ட ஒடுங்கிய இடுக்குகளின் வாய்கள் மட்டுமே காணப்படும். கீழ்ச் சுரப் பக்கத்திலிருந்து நான்காவது வாயை விரல் நுனியால் மூடிக்கொண்டு, நான்காம் துளையில் மூச்சை இழுத்துச் சுரத்தை வளைக்கப் பாருங்கள். ரிஷபம் கணீரென்று ஒலிக்கும்; என்ன முயன்றாலும் கொஞ்சம் மழுங்குமே தவிர இறங்காது. விரலை எடுத்துவிட்டு அதே வாயமைப்பில் இழுத்தால் சுத்த ரிஷபத்துக்குச் சரிந்து வரும். மூச்சை உள்ளே இழுக்கும்போது இழுப்பு ரீடு தன் வாய்க்குள் உறிஞ்சப்படுகிறது, எதிரேயுள்ள ஊது ரீடு தன் வாயிலிருந்து விலகித் திறக்கிறது. நாக்கைத் தாழ்த்தி வாயின் உள்ளறையைப் பெரிதாக்கும்போது அந்த அறை தாழ்ந்த சுரத்துக்கு இசைவாகிறது. இரண்டு ரீடுகளும் இணைந்து அந்தச் சுரத்தில் அதிர்கின்றன. ஆழமாக வளைக்க வளைக்க, இழுக்கும் மூச்சில் ஒலிப்பது பெரும்பாலும் ஊது ரீடாகவே ஆகிவிடுகிறது. கேரலில் வாசிக்கும் டிரெமோலோவில் இழுப்பு ரீடும் ஊது ரீடும் தனித்தனி அறைகளில் இருப்பதால் இந்தக் கூட்டுறவுக்கு இடமே இல்லை. அதில் பெண்டிங் பழக முயல்பவர்கள் தொண்டையை வருத்திக்கொள்வதுதான் மிச்சம்.

ஆகவே, செய்தவர்கள் நோக்கில் இது தற்செயல். வாசித்தவர்கள் நோக்கில் அப்படிச் சொல்ல மாட்டேன். ஹோனரின் வாத்தியங்கள் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பெருமளவில் அமெரிக்காவுக்குப் போயின. சட்டைப் பையில் அடங்கும், விலையும் மலிவு என்பதால் தென்பகுதிக் கறுப்பின மக்களின் கைகளுக்கும் அவை வந்து சேர்ந்தன. இன்று புதிதாக வாங்கியவர் பழுதென்று திருப்பி அனுப்பும் அதே சரிவு அவர்கள் வாயிலும் முதலில் தானாகவே நிகழ்ந்திருக்க வேண்டும். அவர்களுடைய பாட்டிலோ காந்தாரமும் நிஷாதமும் ஏற்கெனவே சற்றுத் தாழ்ந்தும் சரிந்தும்தான் ஒலித்தன; ஆகவே வாத்தியம் கெட்டுவிட்டது என்று அவர்கள் கருதவில்லை, தங்கள் குரலைப் போல் பாடுகிறது என்று கண்டார்கள். அதற்குப் பின் செய்தவை எல்லாம் தேர்ந்து செய்தவை. சி வாத்தியத்தைச் சி-யில் வாசிக்காமல், வளையும் இழுப்புச் சுரங்கள் நிறைந்த பஞ்சமத்தை ஷட்ஜமாகக் கொண்டு வாசிக்கும் குறுக்கு நிலையைக் கண்டுபிடித்தார்கள். அப்போது மூன்றாம் துளையின் வளைவு சாதாரண காந்தாரமாகவும் நான்காம் துளையின் வளைவு பிரதி மத்யமமாகவும் மாறி, ப்ளூஸ் பாட்டுக்கு எங்கே சரிவு வேண்டுமோ அங்கேயே விழுகின்றன. 1920களில் நாஷ்வில் வானொலியில் ரயிலோட்டத்தை வாசித்துக் காட்டிய டிஃபோர்ட் பெய்லியும், 1950களில் சிகாகோவில் மைக்கையும் வாத்தியத்தையும் கைகளுக்குள் சேர்த்துப் பொத்தி வாசித்த லிட்டில் வால்டரும் தற்செயலை நம்பி மேடையேறியவர்கள் அல்லர்.

நம்மவர்களுக்கு இந்த விவகாரம் புதிதாக இருக்கக் கூடாது. ஹார்மோனியமும் இதே இனத்து ரீடு வாத்தியம்தான். சுரத்துக்குச் சுரம் தாவுமே தவிர வழுக்கிச் செல்லாது, கமகம் பேசாது என்பது அதன்மேல் வைக்கப்பட்ட முக்கியக் குற்றச்சாட்டுகளில் ஒன்று. 1940இல் அகில இந்திய வானொலி அதைத் தடைசெய்தது. 1971இல்தான் அந்தத் தடை தளர்ந்தது. ஹார்மோனியத்தில் காற்றைத் தருவது துருத்தி. வாசிப்பவரின் தொண்டைக்கும் ரீடுக்கும் உறவில்லை. மவுத் ஆர்கனிலோ ரீடு வாய்க்கு நேர் எதிரே நிற்கிறது. வாயின் உள்ளமைப்பு மாறினால் சுரம் மாறுகிறது. ஒரே குடும்பத்தில் ஒன்று ஊமையாகவும் மற்றது வாயாடியாகவும் ஆனதற்கு இதுவே காரணம்.

அப்படியானால் நம் இசைக்கு ஸ்பெஷல் 20 எவ்வளவு உதவும்? சி-யை ஷட்ஜமாகக் கொண்டால் சங்கராபரண ராகம். பஞ்சமத்தை ஷட்ஜமாக்கினால் ஹரிகாம்போஜி. ரிஷபத்தை ஆக்கினால் கரகரப்பிரியா. நடு ஸ்தாயியில் மோகனம் எந்த வளைவும் இல்லாமல் நான்காம் துளையிலிருந்து ஏழாம் துளைக்குள் முழுமையாகக் கிடைக்கிறது. கீழ்ஸ்தாயி மோகனத்துக்கு மூன்றாம் துளையில் தைவதத்தை வளைத்துப் பிடிக்க வேண்டும். மூன்று படிகளில் நடுப்படியான அதில் சுருதி பிசகாமல் நிற்பதுதான் இந்த வாத்தியத்தின் உண்மையான பரீட்சை. தம்பூராவோ செயலியின் சுருதியோ இல்லாமல் அதைப் பழகாதீர்கள். ஆலயத்தில் பாமாலைகளை வாசிக்க இது நன்றாகவே போதும். கீர்த்தனைகளில் சரிவு வேண்டிய இடங்களில் டிரெமோலோவால் முடியாத ஒரு குழைவையும் தருகிறது. ஆனால் எல்லை உண்டு. வளைவு எப்போதும் கீழ்நோக்கித்தான். மேலே போக வேண்டுமென்றால் வளைத்த இடத்தில் தொடங்கி வளைவைத் தளர்த்த வேண்டும். காந்தாரத்துக்கும் மத்யமத்துக்கும் இடையே அசையும் கமகம் ஐந்தாம் துளையில் எடுபடாது. தோடி ராகத்தின் காந்தாரத்தை இதில் எதிர்பார்ப்பவர் ஏமாறுவார். வடிவமைக்காத வசதி என்பதன் விலை இதுதான்.

வாத்தியமாகப் பார்த்தால் ஸ்பெஷல் 20 மீது எனக்குப் பெரிய மனக்குறை இல்லை. கீழ்த் துளைகள் மென்மையான மூச்சுக்கே பதில் சொல்கின்றன. காற்று கசியாததால், கற்பவர் வளைவு வராததற்கு வாத்தியத்தைக் குறைசொல்ல முடியாது. சுரத்தை வளைக்க இது ஏற்றதென்று இன்று உலகெங்கும் ஆசிரியர்கள் பரிந்துரைக்கும் மாதிரிகளில் இது ஒன்று. தற்செயலாக வந்த குணத்துக்குத்தான் இப்போது நாம் காசு கொடுக்கிறோம் என்பது வேடிக்கை. விலை சில ஆயிரம் ரூபாய். கைக்கடக்கமான பொருளுக்கு இவ்வளவா என்று வீட்டில் கேட்பார்கள், நானும் கேட்டேன். மூர்க்கமாக வளைத்துக்கொண்டே இருந்தால் எந்த நிறுவனத்தின் ரீடாக இருந்தாலும் சோர்ந்து சுருதி இறங்கும். நான்காம், ஐந்தாம் இழுப்பு ரீடுகள்தான் பெரும்பாலும் முதலில் போகும். மாற்று ரீடு தகடுகளை நிறுவனமே விற்கிறது, திருகாணிகளைக் கழற்றி நாமே மாட்டிக்கொள்ளலாம் என்பது ஆறுதல். கன்னியாகுமரி, குளச்சல் போன்ற கடலோர ஊர்களில் இருப்பவர்கள் வாசித்து முடித்ததும் துளைகள் கீழ்நோக்கி இருக்கும்படி உள்ளங்கையில் தட்டி ஈரத்தை வெளியேற்றி, சற்று உலரவிட்டுப் பெட்டியில் வைத்தால் போதும். தேங்காயெண்ணெய் பூசலாமா என்று ஒருவர் கேட்டார், தயவுசெய்து வேண்டாம்.

கேரலுக்கு மட்டும் வேண்டுமென்றால் டிரெமோலோவே மேல். அதன் அலையும் நாதம் தெருவில் தூரம்வரை கேட்கும், பணமும் மிச்சம். சுரத்தைச் சரித்துக் குழைக்கும் ஆசை இருப்பவர்களுக்கு மட்டுமே ஸ்பெஷல் 20. முதலில் சி கீ வாங்குவது நல்லது. மிகத் தாழ்ந்த கீயில் வாயறையைப் பெரிதாக்குவதும், மிக உயர்ந்த கீயில் நாக்கின் சிறு அசைவைக் கட்டுப்படுத்துவதும் தொடக்கத்தில் கடினம். பாடுபவரோடு சேர்ந்து வாசிக்க வாங்குபவர்கள் கட்டையை, அதாவது பாடுபவரின் சுருதியை, பார்த்துவிட்டு வாங்க வேண்டும். சி வாத்தியம் நேராக வாசித்தால் ஒரு கட்டை, குறுக்கு நிலையில் ஐந்து கட்டை. ஒரு கட்டையில் பாடும் ஆண்குரலுக்குக் குறுக்கு நிலையில் வளைவுகளோடு உடன் வாசிக்க வேண்டுமென்றால் எஃப் கீ வாங்க வேண்டும்.